இறைச்சியில் எஞ்சும் மருந்து: பரிசோதனையும் நம் பொறுப்பும்

தறி நெய்யும் வீட்டின் புறக்கடையில் நான்கு ஆடுகள் கட்டியிருப்பதும், பயிரிடும் வீட்டில் கறவை மாட்டோடு பத்துக் கோழிகள் திரிவதும் நம் அங்கத்தினரிடையே புதிதன்று. கூலி குறைந்த மாதத்திலும் மழை பொய்த்த பருவத்திலும் நமக்குக் கைகொடுப்பவை அவ்வுயிர்களே. அவை நோயுற்றால் ஊசி போடுகிறோம், மருந்து புகட்டுகிறோம், பிறகு ஒரு நாள் விற்கிறோம். மருந்து கொடுத்த நாளுக்கும் விற்ற நாளுக்கும் இடையே எத்தனை நாள் சென்றன என்று நம்மில் எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறோம்? இம்மாதப் பாடம் அக்கணக்கைப் பற்றியதாகும்.

மருந்து உடலில் தங்குவது எவ்வாறு?

ஆன்டிபயாடிக் என்று வழங்கும் மருந்துகள் நோய்க் கிருமிகளைக் கொல்பவை, அல்லது அவை பெருகாமல் தடுப்பவை. பென்சிலின், டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சல்பா மருந்துகள் இரசாயன முறையில் ஆக்கப்பட்டவை; எனினும் இறைச்சிப் பரிசோதனையில் அவற்றையும் இவற்றோடு சேர்த்தே எண்ணுவர்.

ஊசியின் வழியாகவோ வாயின் வழியாகவோ சென்ற மருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. கல்லீரல் அதனை மாற்றுகிறது. சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. ஆதலின் தசையில் மருந்து குறைந்த பின்னரும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது தங்கியிருத்தல் கூடும். ஊசி குத்திய இடத்திலோ, அக்கம்பக்கத்துத் தசையைக் காட்டிலும் பன்மடங்கு மருந்து பல நாட்கள் தேங்கி நிற்பதுண்டு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உடலிலுள்ள மருந்து நாளொன்றுக்குப் பாதியாகக் குறைகிறது என்று உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். முதல் நாள் 64 பங்கு இருந்தால், மறுநாள் 32, பின்னர் 16, 8, 4, 2 என்று இறங்கி, ஆறாம் நாள் கடந்தபின் ஒரு பங்கே மிஞ்சும். சிறுநீரகம் பழுதுற்ற விலங்கில் அது பாதியாவதற்கு இரண்டு நாள் பிடிக்குமானால், அதே நிலையை அடையப் பன்னிரண்டு நாள் வேண்டும். ஆரோக்கியமான ஆட்டிற்குப் போதுமான நாட்கள் நோயுற்ற ஆட்டிற்குப் போதாமற் போவதன் காரணம் இதுவே. மருந்தின் கடைசி வேளைக்கும் விலங்கை அறுப்பதற்கும் இடையே விடவேண்டிய நாட்களைக் காத்திருப்புக் காலம் என்கிறோம்.

சமைத்தால் மருந்து போய்விடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அந்நம்பிக்கை சரியன்று. சில மருந்துகள் கொதியில் ஓரளவு குறையும். சல்பா போன்றவை பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

எவ்வளவு இருந்தால் குற்றம்?

இறைச்சியில் மருந்தின் சுவடே இருத்தலாகாது என்று எல்லா மருந்துகளுக்கும் விதிக்கவில்லை. நாள்தோறும் உண்டாலும் தீங்கு செய்யாத அளவு எது என்று ஆராய்ந்து, அதற்குள் அடங்குமாறு ஒவ்வொரு உறுப்பிற்கும் உச்ச வரம்பு வகுத்துள்ளனர்.

பென்சிலினையே எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, ஒருவர் உணவின் வழியாக நாளொன்றுக்குக் கொள்ளும் பென்சில்பென்சிலின் 30 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று 1990 இல் கூறியது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோகிராம். ஒருவர் ஒரே நாளில் 300 கிராம் தசை, 100 கிராம் ஈரல், 50 கிராம் சிறுநீரகம், ஒன்றரை லிட்டர் பால் ஆகியவற்றை உண்பதாக வைத்துக் கணக்கிடுகின்றனர். இறைச்சிக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், பாலுக்கு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் என்பது வரம்பு. அப்படியாயின் தசையிலிருந்து 15, ஈரலிலிருந்து 5, சிறுநீரகத்திலிருந்து இரண்டரை, பாலிலிருந்து 6, ஆக மொத்தம் இருபத்தெட்டரை மைக்ரோகிராம். முப்பதுக்குள் அடங்கிவிட்டது. வரம்பின் பின்னால் இத்தகைய கணக்கு உண்டென்பதை அறிதல் நலம்.

இனி மறுபக்கம் பாருங்கள். பத்து இலட்சம் யூனிட் பென்சிலின் என்பது 0.6 கிராம்; அதாவது 6 இலட்சம் மைக்ரோகிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவைப்போல் அது 20,000 மடங்கு! அதில் மிகப் பெரும்பகுதி சிறுநீரில் கழிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு கழிவதற்கு நாட்கள் வேண்டும்; அந்நாட்களைக் கொடுப்பது விலங்கை வளர்ப்பவரின் கையில் இருக்கிறது.

பென்சிலின் ஒவ்வாத உடம்புடையவர்களுக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகக் கூடும். குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து, அரிதாகவேனும், எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தம் ஊறாமற் செய்து உயிரையே வாங்கிவிடும். இதற்குத் தீங்கற்ற அளவு இதுவென வரையறுக்க இயலாமையால், உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு இதனைக் கொடுத்தலே கூடாதென ஐரோப்பிய நாடுகள் 1994 இல் விலக்கின.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். இறைச்சியில் மருந்து எஞ்சுவது ஒன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவது மற்றொன்று. மருந்தைத் தேவையின்றியும் அரைகுறையாகவும் கொடுத்தால், காத்திருப்புக் காலம் கடந்து இறைச்சி சுத்தமான பின்னரும், மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தொழுவத்திலும் சாணத்திலும் இறைச்சியின் மேலும் இருத்தல் கூடும். காத்திருப்பு முதற் குற்றத்தைத் தடுக்கும். இரண்டாவதைத் தடுப்பதற்கு, மருத்துவர் சொன்னாலன்றி மருந்தைத் தொடாதிருத்தலே வழி.

பரிசோதிக்கும் முறை

அறுத்த விலங்கின் இறைச்சியில் கண்ணுக்குப் புலப்படாத மருந்தை எவ்வாறு காண்பது? மருந்தின் குணமே அதற்கு வழி காட்டுகிறது. கிருமியை வளரவிடாமல் தடுப்பது அதன் குணமன்றோ? ஆகவே தீங்கற்ற கிருமி ஒன்றை வளர்த்து, அதன் அருகே இறைச்சியை வைத்துப் பார்க்கின்றனர். கிருமி தடையின்றி வளர்ந்தால் மருந்து இல்லை, அல்லது சோதனைக்கு அகப்படும் அளவில் இல்லை. வளராமல் நின்றால் ஐயத்திற்கு இடமுண்டு.

ஐரோப்பிய நாடுகளில் பல ஆண்டுகள் வழங்கிய நால்தட்டுச் சோதனை இவ்வகையது. கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் என்னும் கூழைக் கண்ணாடித் தட்டுக்களில் ஊற்றி, அதில் கிருமியைக் கலந்துவிடுவர். உறையவைத்த இறைச்சியிலிருந்து 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வில்லைகள் வெட்டி அதன்மேல் வைப்பர். ஓரிரவு வெதுவெதுப்பில் வைத்தால் கிருமி வளர்ந்து தட்டு முழுவதும் மங்கலாகும். வில்லையில் மருந்து இருப்பின் அது கசிந்து பரவி, வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் ஒன்றைத் தோற்றுவிக்கும். வளையத்தின் அகலம் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ஐயத்திற்குரியது. தட்டுக்கள் நான்காக இருப்பதேன்? எல்லா மருந்தும் ஒரே சூழலில் நன்கு வேலை செய்வதில்லை. புளிப்பு மிகுந்த கூழில் டெட்ராசைக்ளின் எளிதில் வெளிப்படும். காரம் மிகுந்த கூழில் ஸ்ட்ரெப்டோமைசின் இனம் வெளிப்படும். ஆதலின் மூன்று தட்டுக்களில் ஒரே கிருமியை வெவ்வேறு அமில கார நிலையிலும், நான்காவதில் வேறொரு கிருமியையும் வளர்க்கின்றனர்.

இதனைக் காட்டிலும் விரைவான முறை அமெரிக்க நாட்டு இறைச்சிக் கூடங்களில் வழங்குகிறது. விலங்கின் சிறுநீரகத்தைக் கீறி, பஞ்சுக்குச்சி ஒன்றைச் செருகிச் சாறு ஊறவைப்பர். பின்னர் அக்குச்சியை ஊதா நிறக் கூழுள்ள சிறு குழாயில் இட்டுச் சூட்டில் வைப்பர். அதிலுள்ள கிருமி அதிக வெப்பத்தில் செழிப்பது. அது வளர்ந்தால் அமிலம் உண்டாகிக் கூழ் மஞ்சளாக மாறும். மருந்து தடுத்தால் ஊதாவாகவே நிற்கும். சுமார் மூன்று மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். மஞ்சளாயின் இறைச்சியை விடுவிக்கலாம். ஊதாவாயின் அவ்விலங்கின் உடலைத் தனியே நிறுத்திவைத்து, தசை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர்.

கிருமிச் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. சிறுநீரகத்தில் இயல்பாகவே உள்ள சில பொருள்களும் கிருமியைத் தடுக்கக் கூடும். ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதி செய்தாக வேண்டும். பென்சிலினை அழிக்கும் பென்சிலினேஸ் என்னும் பொருளைச் சேர்த்து மீண்டும் சோதித்தால், வளையம் மறைந்துவிடுமாயின் அது பென்சிலின் இனமே என்று ஊகிக்கலாம். இறுதியாக, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் கண்டறியும் நுண்கருவியின் துணையால் மருந்தின் பெயரும் அளவும் ஐயமற நிறுவப்படும். இறைச்சியைத் தள்ளுவதும் உரியவர்மேல் நடவடிக்கை எடுப்பதும் அதன் பின்னரே.

பரிசோதனையின் எல்லை

நூற் கட்டு வந்ததும் அதில் ஒரு சிட்டத்தை எடுத்து எடை பார்த்து நூலின் எண்ணை அறிவது நம் நெசவாளருக்குப் பழக்கமானது. கட்டிலுள்ள எல்லாச் சிட்டமும் ஒரே ஆலையில் ஒரே எந்திரத்தில் வந்தவையாதலின் ஒன்று மற்றவற்றிற்குச் சான்றாகும். ஆடுகள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வருகிறது. ஓர் ஆடு தூயதாயிருப்பது அடுத்த ஆட்டிற்குச் சான்றாகாது.

நூற்றுக்கு ஒரு விலங்கு குற்றமுடையதென்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றையேனும் பிடித்துவிடுவோம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியாகச் சொல்ல, ஏறக்குறைய 300 விலங்குகளைச் சோதித்தாக வேண்டும். இதனால் நாட்டின் பொது நிலைமை தெரியவருமேயன்றி, குற்றமுள்ள ஒவ்வொரு விலங்கும் அகப்பட்டுவிடாது. மேலும் குளோராம்பெனிக்கால் போன்றவை விலக்கப்படும் மிக நுண்ணிய அளவில் இருப்பதைக் கிருமிச் சோதனை காட்டமாட்டாது. நம் ஊர்ச் சந்தையில் விலைபோய்த் தெருக்கடையில் அறுபடும் ஆட்டிற்கோ, இச்சோதனைகள் பெரும்பாலும் நடைபெறுவதே இல்லை. அங்கே விற்பவரின் சொல் ஒன்றே பரிசோதனை.

அமெரிக்கப் பன்றிப் பண்ணைகள் கற்ற பாடம்

கணக்காக நடந்தும் குற்றத்துக்குள்ளான பண்ணையாளரின் வரலாறு ஒன்று உண்டு. அது நமக்குப் பெரிதும் பயன்படும்.

சல்பாமெத்தசின் என்னும் மருந்தை அமெரிக்க நாட்டுப் பன்றிகளுக்குத் தீவனத்திற் கலந்து கொடுத்து வந்தனர். 1970களின் பிற்பகுதியில், பரிசோதித்த பன்றிகளின் ஈரலில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவை வரம்பை மீறியிருந்தன. காத்திருப்புக் காலம் 15 நாளாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் குற்றம் முற்றும் ஒழியவில்லை. ஆராய்ந்தபோது காரணங்கள் வெளிவந்தன.

மருந்து நுண்ணிய தூளாக இருந்தது; மின்னேற்றத்தினால் அது தீவனம் கலக்கும் எந்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டது. மருந்தில்லாத் தீவனத்தை அடுத்து அதே எந்திரத்தில் அரைத்தபோது அத்தூள் அதிலும் கலந்தது. டன்னுக்கு 100 கிராம் மருந்து கலப்பது வழக்கம். காத்திருப்புக் காலத்தில் தின்னும் தீவனத்தில் டன்னுக்கு 2 கிராம் இருந்தாலே ஈரல் வரம்பைக் கடந்துவிடக் கூடும். ஆக, நூற்றில் இரண்டு பங்கு எந்திரத்தில் தங்கினாலே போதும். தொழுவத்திலும் இதே கதை நிகழ்ந்தது. பன்றிகள் சிறுநீரில் கழித்த மருந்து வைக்கோலில் ஊறியது. அதனைக் கிளறித் தின்ற பன்றிகளின் உடலுக்குள் அது மீண்டும் சென்றது. பண்ணையாளர் நாட்களைச் சரியாக எண்ணினார். மருந்தோ அவர் அறியாமல் மறுபடியும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பரிகாரங்கள் எளியவையாகவே இருந்தன. தூளுக்குப் பதிலாக ஒட்டாத குருணை மருந்து வந்தது. மருந்துத் தீவனத்திற்குப் பின் மருந்தில்லாத் தீவனத்தைச் சிறிது ஓட்டி எந்திரத்தைக் கழுவினர். காத்திருப்புத் தொடங்கியதும் விலங்குகளைத் தூய தொழுவத்திற்கு மாற்றினர். 1988 இல் பெரிய இறைச்சிக் கூடங்களிலேயே பன்றியின் சிறுநீரைச் சோதிக்கும் முறையும் ஏற்பட்டது. சோதனையின் அச்சமும் பண்ணையின் ஒழுங்கும் ஒன்று சேர்ந்தபோது குற்றங்கள் குறைந்தன.

தீவனம் கலந்து விற்கும் நம் சங்கங்கள் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். சங்கத்தின் எந்திரம் தூய்மையாக இல்லாவிடில், நேர்மையான அங்கத்தினரையும் அது குற்றவாளியாக்கிவிடும்.

நம் நாட்டு விதி

உணவுக்குரிய விலங்குகளின் மருந்துப் புட்டியில் காத்திருப்புக் காலத்தைக் குறித்தல் வேண்டும் என்று நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. ஆராய்ந்து வகுத்த காலம் இல்லாத மருந்திற்கு, பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள். ஆடு, மாடு, கோழி முதலியவற்றின் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். கொழுப்பும் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளும் இறைச்சியில் அடங்கும். மீனுக்கு 500 பாகை நாள். அதாவது குளத்து நீரின் சராசரி வெப்பத்தை நாட்களாற் பெருக்கினால் 500 வரவேண்டும். நீர் 25 பாகையாயின் 20 நாள். கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்குரிய விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் கொடுப்பது 2019 இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் மருந்து அது.

புட்டியின் எழுத்து சிறிதாயிருப்பினும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவர் அளவை உயர்த்தினாலோ இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, எத்தனை நாள் காக்க வேண்டும் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பின் செலவு யாருடையது?

இனி உள்ளதை உள்ளவாறு பேசுவோம். அமெரிக்க நாட்டில் குற்றம் பெரிதும் காணப்படுவது கறவை தீர்ந்து கழிக்கப்படும் மாடுகளிலும் பிறந்து சில நாளே ஆன கன்றுகளிலுமாம். வைத்தியம் செய்து பார்க்கிறார்கள்; மாடு தேறவில்லை; செத்தால் ஒன்றும் தேறாதென்று விற்றுவிடுகிறார்கள். நம் ஊரிலும் நடப்பது இதுவே. நேற்று ஊசி போட்ட ஆடு இன்று தலை சாய்க்கிறது. நாளை அது பிணமாகுமென்ற அச்சத்தில் அரை விலைக்கேனும் கசாப்புக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். மருந்து உடலெங்கும் நிறைந்திருக்கும் நேரம் அதுவே. அவ்விறைச்சியை வாங்குகிறவர் நம் தெருவினராகவே இருப்பார். அவர் வீட்டுக் குழந்தையும் உண்ணும்.

இதற்கு அங்கத்தினரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. ஓர் ஆட்டிற்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் தீனிச் செலவென்று கொண்டால், 28 நாளைக்கு 840 ரூபாய் ஆகிறது. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது அத்தொகையும் அந்நாட்களும் ஏழைக்கு எளியவையல்ல. தனியொருவரால் தாங்க இயலாததைப் பலர் கூடித் தாங்குவதற்கே சங்கம் தோன்றியது. ஆதலின் கீழ்க்காண்பவற்றை நிர்வாகக் குழுக்கள் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, மருந்துப் பதிவேடு. விலங்கின் அடையாளம், மருந்தின் பெயர், கொடுத்த கடைசி நாள், விற்கத் தகும் நாள், மருத்துவர் கையொப்பம் என ஐந்து கட்டங்கள் போதும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் அடையாளம். மருந்து கொடுத்த விலங்கின் கழுத்தில் சாயம் போகாத சிவப்பு நூலைக் கட்டுக. விற்கத் தகும் நாளில் அவிழ்த்துவிடுக. நெசவாளர் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, காத்திருப்பு முன்பணம். துணைவிதி இடந்தரும் அளவில், நூல் கட்டிய விலங்கின்பேரில் அந்நாட்களுக்கு மட்டும் சிறு கடன் வழங்கி, விற்ற பணத்தில் ஈடுசெய்துகொள்ளலாம்.

நான்காவது, இன்ஷூரன்ஸ். காப்பீடு செய்த விலங்கு இறந்தால் இழப்பீடு கிடைக்கும் என்ற உறுதியிருப்பின், சாகப்போகும் விலங்கை விற்கத் தூண்டும் அச்சம் குறையும். சங்கம் எல்லார் விலங்குகளையும் ஒருசேரக் காப்பீடு செய்ய உதவலாம்.

டென்மார்க்கில் 1887 இல் ஹார்சென்ஸ் என்னும் ஊரில் பண்ணையாளர்கள் தமக்கென முதற் கூட்டுறவு இறைச்சிக் கூடத்தை நிறுவினர். கூடம் தம்முடையதாதலின், ஒருவர் குற்றத்தால் வரும் கெட்ட பெயரும் எல்லாருடையதாயிற்று. அந்நாட்டில் வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கத்தைக் கோழி, பன்றித் தொழிலினர் 1990களின் இறுதிக்குள் தாமே முன்வந்து கைவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அதற்குத் தடை வந்தது 2006 ஜனவரி முதல் நாளிலேயே. சட்டம் வருமுன் ஒழுங்கு வந்தது. கூடி வாழும் பழக்கம் அதற்குத் துணைநின்றது.

சங்க முத்திரையிட்ட துணியை வாங்குகிறவர் சாயம் நிற்குமா என்று ஐயுறுவதில்லை. சிவப்பு நூல் அவிழ்த்து விற்கும் ஆட்டிற்கும் அத்தகைய நற்பெயர் உண்டாகும் நாள் வரவேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வருமளவும் காத்திருக்க வேண்டியதில்லை; பதிவேடும் நூலும் இம்மாதமே தொடங்கலாம்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து நெடுநாள் தங்குவதேன்?

2. ஊதாக் கூழ் மஞ்சளாக மாறினால் என்ன பொருள்? மாறாவிடில் உடனே இறைச்சியை அழித்துவிடலாமா?

3. புட்டியில் காலம் குறிக்கப்படவில்லை. ஆட்டிற்குக் கடைசி ஊசி தை முதல் நாள் போடப்பட்டது. குறைந்தது எத்தனை நாள் கழித்து அதனை இறைச்சிக்கு விற்கலாம்?

4. நம் சங்கத்தின் தீவன எந்திரத்தில் மருந்துத் தீவனம் கலந்தபின் என்ன செய்கிறோம்? செய்ய வேண்டியது யாது?

5. காத்திருப்பு முன்பணம் நம் சங்கத்தில் இயலுமா? அதற்கு எந்தத் துணைவிதி இடந்தருகிறது?